மந்தணம் என்று முத்திரை போட்ட பதினான்கு பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, ஒரு பேப்பர் கைக்கு வந்திருக்கு. கவர்மெண்ட் பேப்பர், மேல ரகசியம்னு முத்திரை இருக்கு. இதை எங்கிட்டு அனுப்புனா வேலைக்கு ஆகும்?" என்றான். போனில் எதுவும் பேசாதே, யாருக்கும் அனுப்பாதே, பஸ் ஏறி வீட்டுக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் காரியத்தைச் செய்து மாட்டிக்கொண்டவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தத் துறை, எந்த ஊர்க்காரர்களின் விஷயம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இனிமேல் போக ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஊரில் இருக்கிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

2017. ஜனவரியிலேயே தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அறிவித்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம். ராம்நாடு கடற்கரையில் தண்ணீர் எப்படி எடுப்பார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஊத்து என்போம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். அதைச் சிரட்டையால் அலுங்காமல் மோந்து குடத்தில் ஊற்ற வேண்டும், ஒரு குடம் நிறைய அரை மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் நல்ல மழை பெய்துதான் தெளிய வேண்டும்.

அந்த ஊரில் இரண்டு வருஷமாக ஊத்து கரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இறால் பண்ணை. பண்ணைக் குட்டையில் நிறுத்துகிற உப்புத் தண்ணீரும் அவர்கள் போட்ட போர்வெல்லும்தான் காரணம் என்பது ஊர்க்காரர்களின் புகார். குடிநீர் ஆதாரத்துக்கும் பண்ணைக்கும் குறைந்தது நூறு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று கடலோர மீன்வளர்ப்பு விதிமுறையில் இருக்கிறது. அந்த ஊர் அம்மாக்கள் திங்கள்கிழமை தவறாமல் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வந்தார்கள். மார்ச் மாதம் கூட்டாய்வு நடந்தது, தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் பதினான்கு பக்க அறிக்கை தயாரானது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த ஊரில் எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை 2,000-ஐத் தாண்டியிருந்தன. ஒரு குட்டை, குடிநீர்க் கிணற்றிலிருந்து நூறு மீட்டருக்குள் இருந்தது. நடவடிக்கை எடுக்கலாம் என்ற பரிந்துரையும் இருந்தது. அறிக்கையின் மேல் சிவப்பில் 'மந்தணம்', அதாவது ரகசியம், என்று முத்திரை அடித்துக் கோப்பில் வைத்துவிட்டார்கள். அந்தக் கோப்பு, நான் கையாளும் கோப்புகளைப் பதிகிற தன்பதிவேட்டில் இருந்த கோப்பு, என் பீரோவில் இருந்தது.

அறிக்கை வந்து ஒரு மாதம் ஆன பிறகு ஒரு திங்கள்கிழமை அதே அம்மாக்கள் மறுபடி வந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "ஆய்வு நடந்துக்கிட்டு இருக்கும்மா, ரிப்போர்ட் வரட்டும்" என்றார். நான் பக்கத்தில் மனுப் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயந்திரம் நான் செய்ததற்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. கோபம், அதோடு கொஞ்சம் வெட்கம்.

எல்லோரும் போன பிறகு கோப்பை எடுத்துச் செல்போனில் பதினான்கு படம் பிடித்தேன். அந்த ஊரில் என் மனைவி வழிச் சொந்தக்காரப் பையன் ஒருவன் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தான். அந்த வருஷம்தான் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளானது. ஏப்ரல் 15-லிருந்து பயல்கள் எல்லாம் கரையில், கையில் போன். அவனுக்கு அனுப்பி, "படிச்சிட்டு ஊர்ப் பெரியவங்ககிட்ட விஷயத்தை மட்டும் சொல்லு மாப்ளே, படத்தை அழிச்சிரு" என்றேன். ராத்திரி ஒன்பது மணிக்குள் மூன்று வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது, இரண்டு வருஷமாக உப்புத் தண்ணீர் குடித்தவனிடம் அத்தாட்சியைக் கொடுத்துவிட்டு ஒளித்து வை என்றால் எவன் கேட்பான்? அழிச்சிரு என்று சொன்ன வார்த்தையை நம்பினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். போனைத் தோண்டினார்கள், சைபர் கிரைம் வந்தது என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு எழுத்துப் பிழைதான் காட்டிக்கொடுத்தது. எங்கள் பக்கம் வலசை என்று முடிகிற ஊர்கள் நிறைய உண்டு. அறிக்கையின் வரைவில் ஒன்பதாம் பக்கத்தில் அது 'வலைசை' என்று தட்டச்சாகியிருந்தது. மேலே அனுப்பிய தூய நகலில் திருத்திவிட்டார்கள். அலுவலகக் கோப்பில் இருந்த நகலில் திருத்தவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தில் 'வலைசை'. மேலதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பத்து நிமிஷ வேலை. அந்த நகலைத் தொட்டவர்கள் நான்கே பேர். கண்காணிப்பாளர், தட்டச்சர், அலுவலக உதவியாளர், நான்.

அதே 2017 ஜூனில் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் கைதானதைப் பின்னாளில் படித்தேன். உளவுத்துறை அறிக்கை ஒன்றை அச்செடுத்து ஒரு செய்தி நிறுவனத்துக்கு அனுப்பியவர். அவர்கள் அது உண்மையா என்று சரிபார்க்க அந்த நகலை அரசாங்கத்திடமே காட்டினார்கள். காகிதத்தில் மடிப்பு இருப்பதைப் பார்த்து, இது அச்செடுத்துக் கொண்டுபோனது என்று கணித்தார்கள். அச்செடுத்தவர்கள் மொத்தமே ஆறு பேர். அதில் ஒருவருடைய கணினியிலிருந்து அந்தச் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போயிருந்தது. ஐந்து வருஷம் மூன்று மாதம் சிறை. கலர் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகள் விழும், அதில் இயந்திரத்தின் எண்ணும் நேரமும் இருக்கும் என்பதும் அந்த வழக்கின்போதுதான் பரவலாகப் பேசப்பட்டது. அவ்வளவு பெரிய தேசத்தின் ரகசியமும் எங்கள் பீரோவும் ஒன்றில்லைதான். ஆனால் முறை ஒன்றுதான். யார் செய்தது என்று அவர்கள் உலகம் முழுக்கத் தேடுவதில்லை, யார் கையில் இருந்தது என்று எண்ணுகிறார்கள், அந்த எண்ணிக்கை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

சரி, நான்கு பேர். முதல் மெமோ எனக்கு வரவில்லை. தட்டச்சருக்கு வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீட்டுக்காரர் குவைத்தில், கையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, கருணை அடிப்படையில் வந்த வேலை. தட்டச்சு செய்தது அவர், பென் டிரைவ் அவரிடம், அவருடைய அத்தை வீடு அந்த ஊருக்குப் பக்கத்து ஊர். பார்க்கிறவர்களுக்குப் பொருத்தமாகத்தானே இருக்கும்? மூன்று நாளில் விளக்கம் கொடு என்று மெமோ. போனைக் கொடு என்று வாய்மொழியாகக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். (எழுத்தில் இல்லாமல், கைப்பற்றியதற்கான சீஸர் மகஜர் இல்லாமல் சொந்தப் போனை யாரும் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை என்று வக்கீல் பிறகு சொன்னார். அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்.) மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் எல்லாம் ஒன்றாக உட்காருகிற வழக்கம். இரண்டாம் நாளிலிருந்து அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

பதினொரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆதாரம் இல்லாமல் அவரை என்ன செய்துவிட முடியும், விளக்கத்தோடு முடிந்துவிடும், எனக்கு மகள் கல்யாணம் இருக்கிறது, ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருஷம். ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து, "சார், நீங்க சீனியர், இந்த விளக்கத்தை எப்படி எழுதணும்னு சொல்லிக்கொடுங்க" என்று வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அதுவும் செய்தேன். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க, இல்லேன்னா இங்க வராதீங்க" என்றாள். மறுநாள் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றி வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டது தப்பில்லையாம், யாரையும் கேட்காமல் நான்கு பக்கத்துக்கு உணர்ச்சிவசப்பட்டு எழுதியது தப்பாம். யார் அந்தப் பையன், எந்தக் குழு, எப்போது அனுப்பினேன் எல்லாம் அதில் இருந்தது. "அந்தப் பெண் காரணமில்லை, நான்தான் பொறுப்பு" என்று இரண்டு வரி போதும். மீதியை விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம். நான் அந்தப் பையன் பெயரையும் எழுதிவிட்டேன், அவனையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். ஒருத்தரைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தரை மாட்டிவிட்ட கதை.

அப்புறம் நடந்தது அரசு ஊழியர்களுக்குத் தெரிந்த பாதைதான். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(இ)-யில் சஸ்பென்ஷன், பின்னாலேயே 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை. 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளை மீறி அலுவலகத் தகவலை அனுமதியின்றி வெளியிட்டது முதல் குற்றச்சாட்டு. வெளியில் இருப்பவர்கள் சஸ்பென்ஷன் என்றால் சம்பளத்தோடு லீவு மாதிரி என்று நினைக்கிறார்கள். பிழைப்பூதியம் ஏறக்குறைய பாதிச் சம்பளம். சொசைட்டி கடன், வீட்டுக் கடன், சீட்டு எதுவும் பாதியாகாது. தலைமையிடத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவில் இருக்கும். தூத்துக்குடியில் மச்சான் இறந்ததற்குப் போக நான் அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டு வாசலில் நின்றேன். கையெழுத்துப் போட வேண்டியவர் கேம்ப் போயிருந்தார். எடுத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். பதினான்கு மாதம். கடைசியில் இரண்டு வருஷத்துக்கு இன்கிரிமெண்ட் நிறுத்தம், கியூமுலேட்டிவ் எஃபெக்ட் இல்லாமல், அதாவது அந்த இரண்டு வருஷத்தோடு நிறுத்தம் முடிந்துவிடும். கேட்க லேசாகத் தெரியும். ஆனால் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததால் ஒரு பதவி உயர்வுப் பேனலில் பெயர் வரவில்லை, தண்டனைக் காலத்தில் அடுத்த பேனலும் போனது, எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கண்காணிப்பாளர் ஆனார்கள், நான் உதவியாளராகவே வெளியே வந்தேன். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான், அதனால் அந்தக் கணக்கு சாகிற வரைக்கும் ஓடும்.

ஜெயில் பயம் எங்கே போனது என்று கேட்பீர்கள். அந்தப் பதினான்கு மாதமும் கூடவே இருந்தது. முதல் வாரத்திலேயே ஒருவர், "அபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட் போட்டா தெரியும்" என்றார். ராமநாதபுரம் கோர்ட்டில் தெரிந்த வக்கீல் ஒருவர் புத்தகத்தை எடுத்து வைத்து விளக்கினார். 1923-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். மூன்றாம் பிரிவு உளவு, அதில் பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டதற்குப் பதினான்கு வருஷம் வரை. ஐந்தாம் பிரிவு, பதவியால் கையில் கிடைத்த ரகசியத்தை உரிமையில்லாதவருக்குக் கொடுப்பது, மூன்று வருஷம் வரை. கொடுத்தவனுக்கு மட்டும் இல்லை, தெரிந்தே வாங்கியவனுக்கும் அதே பிரிவு. இதைக் கேட்டுத்தான் எனக்கு வியர்த்தது, ஏனென்றால் என் சொந்தக்காரப் பையன் வாங்கியவன். ஆனால் அரசாங்கமே அதிகாரம் கொடுத்து முறையிட்டால்தான் நீதிமன்றம் இந்தச் சட்டத்தில் வழக்கை எடுக்கும், போகிற போக்கில் ஒரு அதிகாரி போட்டுவிட முடியாது என்பதையும் அவர் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதற்கு அதைப் போடுவார்களா? போடவில்லை. ஆனால் போட மாட்டார்கள் என்று முன்கூட்டியே நம்பவும் முடியாது. இஃப்திகார் கிலானி என்ற பத்திரிகையாளரை 2002-இல் இதே சட்டத்தில் பிடித்து ஏழு மாதம் திகாரில் வைத்தார்கள், அவர் கணினியில் இருந்தது ஏற்கெனவே வெளியில் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டுரை. வழக்கை அரசாங்கமே பிறகு வாபஸ் வாங்கியது. ஏழு மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

எங்கள் கடற்கரைக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது, இளவட்டங்கள் கவனிக்க வேண்டும். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். தண்ணீர், ரோடு, மீன்பிடித் துறைமுகம் பற்றிய சாதாரண அறிக்கையில்கூடப் பின்னிணைப்பாக ஒரு வரைபடம் இருக்கும், அதில் எது எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் ஐந்தாம் பிரிவு மூன்றாம் பிரிவாக மாறுவதற்கு ரொம்ப நேரம் ஆகாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீர்கள், அனுப்பாதீர்கள், வந்தால் வைத்திருக்கவும் செய்யாதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

இப்படி வெளியே சொல்கிறவனைக் காப்பாற்றச் சட்டம் இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. பீகாரில் தங்க நாற்கரச் சாலை ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, பெயரை வெளியிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டவர் பொறியாளர் சத்யேந்திர துபே. அந்தக் கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 2004-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் பெயர் மறைத்துப் புகார் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. அது மத்திய அரசு சம்பந்தப்பட்டதற்கு, என்னைப் போல மாநில அரசு ஆளுக்கு இல்லை. 2014-இல் தனிச் சட்டமே நிறைவேறியது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது, நடைமுறைக்குத்தான் கொண்டுவரவில்லை. 2019-இல் ரஃபேல் போர் விமான வழக்கில், கசிந்த ஆவணமாக இருந்தாலும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொண்டு பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பேப்பரைக் காப்பாற்றுகிறது. எடுத்துக் கொடுத்த ஆளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பத்திரிகைக்குக் கொடுத்தால் பெயர் வராதே என்பார்கள். உள்ளூர் நிருபர் ஒருவர் செய்தி போட்டார், நல்ல மனிதர், கடைசி வரை என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் செய்தி மூலத்தைச் சொல்ல மாட்டேன் என்று ஒரு நிருபர் கோர்ட்டில் நிற்பதற்கு நம் நாட்டில் தனிச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அவருடைய நல்ல குணம்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே காப்பு. சரி, வந்த செய்தி எவ்வளவு தெரியுமா? உள்பக்கத்தில் இரண்டு பத்தி. அதற்கு வந்த மறுப்பு ஒரு பத்தி. "சமூக வலைத்தளங்களில் பரவுவது இறுதி அறிக்கை அல்ல" என்று. பொய்யும் இல்லை. அதுதான் 'வலைசை' போட்ட வரைவு ஆயிற்றே.

இதுவரை சொன்னது எல்லாம் எனக்கு நடந்தது, நான் செய்ததற்கு வந்தது. எனக்குத் தூக்கம் போன விஷயம் வேறு.

பதினோராம் பக்கத்திலிருந்து பின்னிணைப்பு. அதில் ஆய்வின்போது வாக்குமூலம் கொடுத்தவர்களின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண், யார் என்ன சொன்னார்கள் என்பது. படம் பிடிக்கிற அவசரத்தில் நான் அதைப் படிக்கவே இல்லை, பதினான்கு பக்கமும் போனது. ஊர்க்காரர்கள் முதல் மூன்று பக்கத்தைப் படித்தார்கள். பண்ணைக்காரர்கள் கடைசி நான்கு பக்கத்தைப் படித்தார்கள். ஒரு அம்மா, அறுபது வயது தாண்டியவர், ராத்திரியில் பண்ணைத் தண்ணீரை எந்த வழியாகத் திறந்து விடுகிறார்கள் என்று கையைக் காட்டிச் சொல்லியிருந்தார். அதிகாரி, "உங்க பேரு வெளியே வராது" என்று சொல்லித்தான் வாங்கியிருந்தாராம். ஒரு வாரத்தில் பண்ணையில் வேலை பார்த்த அவருடைய மகனை நிறுத்திவிட்டார்கள். கருவாடு எடுக்கிற வியாபாரி வருவது நின்றது. ஊரிலேயே பாதிப் பேர் பண்ணையில் கூலிக்குப் போகிறவர்கள், அவர்கள் பேசுவதை விட்டார்கள். தண்ணீர்த் தள்ளுவண்டியில் அவர் குடம் கடைசியில் நின்றது.

அந்த மந்தண முத்திரையை நான் ஒரே அர்த்தத்தில் பார்த்தேன், மறைக்கிறார்கள் என்று. மறைத்தார்கள்தான். ஆனால் அந்த முத்திரைக்குக் கீழே அந்த அம்மாவும் ஒதுங்கி நின்றிருந்தார். அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

சஸ்பென்ஷனில் இருந்தபோது ஒரு நாள் போய் அவரிடம் சொன்னேன். திண்ணையில் வலை முடிந்துகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னது சொன்னதுதான் தம்பி, கலெக்டர் முன்னாடியும் சொல்லுவேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். காப்பி கொடுத்தார். கரித்தது.

இதே அறிக்கையைப் பிற்பாடு அவருடைய பேத்தி வாங்கினாள். கல்லூரியில் படிக்கிற பெண். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. முப்பது நாளில் 'மந்தணம், தர இயலாது' என்று பதில் வந்தது. மந்தணம் என்று முத்திரை இருப்பது அந்தச் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை, எட்டாம் பிரிவில் எந்த உட்பிரிவில் மறுக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அப்படியே அதில் வந்தாலும் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்று 8(2) சொல்கிறது, ரகசியச் சட்டம் குறுக்கே நின்றாலும் இந்தச் சட்டமே செல்லும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. அவள் முதல் மேல்முறையீடு போட்டாள், பதில் இல்லை, தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது போட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பதினான்கு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய், இருபத்தெட்டு ரூபாய். சான்றிட்ட நகல், முத்திரையோடு. பின்னிணைப்பில் பெயர்கள் எல்லாம் கறுப்பு மையால் அடித்து வந்தது. பத்தாம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது, கொடுக்கக் கூடாததை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்று. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டபோது அந்த நகலைத்தான் வைத்தார்கள். நான் அனுப்பிய படத்தை எந்த வக்கீலும் கையில் தொடவில்லை.

தாமதம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு வருஷத்தில் எத்தனை குடம் உப்புத் தண்ணீர். அதனால் நான் செய்தது முழுக்கத் தப்பு என்று இன்னமும் என் வாயில் வரவில்லை, அந்தப் படம் சுற்றியதால்தான் ஜூனில் லாரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, அதுவும் உண்மை. ஆனால் அன்றைக்கு என் கோபத்துக்கு இன்னொரு வழி இருந்தது. மனு எழுதி வந்த அந்த அம்மாக்களிடம், கூட்டாய்வு அறிக்கை நகல் வேண்டும் என்று தகவல் மனு போடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு உரிமை இருக்கிறது என்று சொல்வதற்கு எந்த விதியிலும் தடை இல்லை. ஆய்வு நடந்தது ஊருக்கே தெரிந்த விஷயம், அறிக்கை இருக்கும் என்பதும் யாருக்கும் புரியும். கோப்பின் ந.க. எண்ணை நான் சொன்னால்தான் அது கசிவு. தேவையே இல்லை, எண் தெரியாமலும் கேட்கலாம். அலுவலகத்துக்கே வந்து கோப்பைப் பார்வையிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதே இல்லை. மொட்டைக் கடிதாசி வேண்டாம், பெரும்பாலும் அது கிடப்புக்குத்தான் போகும், கையெழுத்து யாருடையது என்று பார்ப்பதற்கு மட்டும் எடுப்பார்கள்.

அந்தத் தட்டச்சர் இப்போது கண்காணிப்பாளர். பத்திரிகை வைக்கப் போனேன், மகள் கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், சாப்பிட்டார். "சார்" என்றுதான் கூப்பிட்டார். அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் எடுத்ததில்லை.

தங்கச்சி மகன் மத்தியானம் வந்தான். மஞ்சப்பைக்குள் பாலிதீன் சுற்றிய காகிதம். எடுக்கப் போனவனை நிறுத்தி, காட்டாதே என்றேன். எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று கேட்டேன், மூன்று பேர் என்றான். யார் கொடுத்தது என்று சொல்ல வாயைத் திறந்தான், அதையும் சொல்லாதே என்றேன். "உள்ள ஊர்க்காரங்க பேரு எதுவும் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தான். "பார்க்கலை மாமா."

"படம் எடுத்தியா?"

"இல்லை."

"இனியும் எடுக்காதே."

அந்தக் காகிதத்தை என்ன செய்வது என்பதை வக்கீலிடம் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம், போன் பண்ணினேன், திங்கள்கிழமை சாயந்திரம் வரச் சொன்னார். அப்புறம் மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அனுப்புநர், பெறுநர் பொதுத் தகவல் அலுவலர் என்று அவனையே எழுத வைத்தேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது, இரண்டு தாள் வீணானது. மூன்றாவது தேறியது. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஸ்டாம்ப் விற்கிறவர் கடை இல்லை.